செவியும் பேரேடும்

ஆங்கிலத்தில் ‘ஓடிட்’ என்றொரு சொல் உண்டு. இலங்கையில் அதைக் கணக்காய்வு என்கிறோம். தமிழ்நாட்டில் தணிக்கை என்பார்கள். அச்சொல்லின் இலத்தீன் வேருக்குக் ‘கேட்டல்’ என்பதே பொருள். எழுத்தறிவு அரிதாக இருந்த காலத்து ஐரோப்பாவில், பண்ணையின் வரவு செலவை ஒருவர் உரக்க வாசிப்பார். மற்றொருவர் இருந்து கேட்டுப் பிழை பிடிப்பார். அப்படிக் கேட்டவரே பின்னர் கணக்காய்வாளரானார். காலப்போக்கில் காது மறைந்து கணக்கு மட்டும் எஞ்சியது.

அமெரிக்க எழுத்தாளர் எல். ரொன் ஹப்பர்ட், 1950ஆம் ஆண்டில் தாம் வகுத்த மனச்சிகிச்சை முறைக்கு ‘ஓடிட்டிங்’ என்று பெயரிட்டார். கேட்டல் என்ற பழைய பொருளையே அவர் எடுத்துக்கொண்டார். பின்னாளில் சயன்டோலஜி என்னும் மதமாக வளர்ந்த இயக்கத்தின் மையச் சடங்கு இதுதான். ஒருவர் கேட்பார், மற்றவர் தம் வாழ்வில் மறைத்து வைத்திருப்பதை எல்லாம் சொல்வார். அந்த அமைப்பில் பத்தாண்டு, இருபதாண்டு என்று இருந்துவிட்டு வெளியேறியவர்கள் எழுதிய நூல்களையும், அவர்கள் தொடர்பான வழக்குகளையும் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். அவற்றை அடுக்கிவைத்துப் பார்க்கும்போது ஒரு செய்தி துலங்குகிறது. கேட்பதாகத் தொடங்கிய ஒன்று, அவர்கள் வாழ்வில் கணக்கு வைப்பதாக முடிந்திருக்கிறது.

அமெரிக்க மதமொன்றைப் பற்றி எழுத ருவான்வெல்லைக்காரனுக்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். எழுதுவதற்கு இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டே மேலே செல்ல வேண்டும்.

துண்டு

கேகாலை மாவட்டத்தில், அவிசாவளைக்கும் கேகாலை நகருக்கும் இடையில் இருக்கிறது ருவான்வெல்லை. சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள். விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்படுகிறவர்களின் லயங்களில் வளர்ந்த எங்களுக்கு, ஒரு மனிதனைக் கட்டிப்போட இரும்புச் சங்கிலி தேவையில்லை, ஒரு காகிதம் போதும் என்பது பாட்டன் காலத்துப் பாடம். அந்தக் காகிதத்தின் பெயர் துண்டு.

தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆள்களைக் கூட்டிவந்த கங்காணி, வழிச்செலவு, முன்பணம், அரிசி, கம்பளி என்று ஒவ்வொன்றையும் ஆளின் பேரில் பற்று எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்குத் தன் பேரில் எவ்வளவு நிற்கிறது என்பது தெரியாது. தோட்டத்தை விட்டுப் போக வேண்டுமென்றால், ‘இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆள்களை விடுவிப்பேன்’ என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு வேண்டும். அதுவே துண்டு. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆள்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, இடம் மாறும். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் இந்த முறையை ஒழித்தது. ஆனாலும் வேலையிலிருந்து நீக்கப்படுவதற்குப் ‘பத்துச்சீட்டு’ என்று சொல்லும் வழக்கம் தோட்டத்துப் பேச்சில் அதற்குப் பின்னும் நெடுங்காலம் இருந்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கங்காணி எப்போதும் கொடியவராகவே இருந்தார் என்று சொல்வதற்கில்லை. அவர் பெரும்பாலும் ஊர்க்காரர், சில வேளைகளில் உறவுக்காரர். காய்ச்சலில் விழுந்தவனைக் கவனித்தவரும், கலியாணத்துக்கு முன்பணம் கொடுத்தவரும் அவர்தாம். அந்த உதவி உண்மையான உதவி. அது உண்மையாக இருந்ததனாலேயே கட்டும் இறுகியது. வெறும் கொடுமையால் மட்டும் ஒருவரை முப்பதாண்டு பிடித்துவைப்பது கடினம். சயன்டோலஜியை விட்டு வந்தவர்களின் சாட்சியங்களை வாசித்தபோது இதுவே எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

முதலில் விலகிய மருத்துவர்

ஹப்பர்ட் 1911இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்தவர். மலிவுப் பதிப்பு இதழ்களில் சாகசக் கதைகளும் அறிவியல் புனைகதைகளும் எழுதிப் பெயர் பெற்றார். 1950 மே 9ஆம் திகதி அவருடைய ‘டயனெடிக்ஸ்’ நூல் வெளிவந்தது. நாம் நினைவிழந்து கிடந்த வேளைகளிலும் வலியில் துடித்த வேளைகளிலும் கேட்டவை, பட்டவை எல்லாம் மனத்தின் ஓர் அடித்தட்டில் பதிந்துவிடுகின்றன என்றார். அவற்றை ‘என்கிராம்’ என்று அழைத்தார். அந்த நிகழ்ச்சிகளை மீண்டும் மீண்டும் நினைவில் நடந்து கடந்தால் அவற்றின் வலிமை போய்விடும். எல்லாம் நீங்கியவர் ‘கிளியர்’ என்னும் நிலையை அடைவார். நோய்கள் பல விலகும், நினைவாற்றல் பெருகும் என்றார்.

சொல்லித் தீர்த்தால் பாரம் குறையும் என்ற கருத்து புதியதன்று. வியன்னாவில் புரோயரும் பிராய்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதைச் சிகிச்சையாக்கியிருந்தனர். ஆனால் மனநல மருத்துவரிடம் போவது செலவு மிக்க காரியம். ஹப்பர்டின் நூலை வாங்கிய இரு நண்பர்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தே ஒருவரையொருவர் ‘ஓடிட்’ செய்யலாம். போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள் கடந்திருந்த அமெரிக்காவில் சொல்லப்படாத துயரங்கள் ஏராளம். நூல் அமோகமாக விற்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் ஓர் இளம்பெண்ணை உலகின் முதல் ‘கிளியர்’ என்று ஹப்பர்ட் மேடையேற்றினார். பௌதிகவியல் படித்த அப்பெண்ணால் ஓர் அடிப்படைச் சூத்திரத்தை நினைவுகூர முடியவில்லை. ஹப்பர்ட் திரும்பி நின்றபோது அவருடைய கழுத்துப்பட்டி என்ன நிறம் என்பதற்கும் விடை வரவில்லை. கூட்டம் எழுந்து போகத் தொடங்கியது.

இந்த இயக்கத்திலிருந்து விலகி நூல் எழுதியவர்களின் வரிசை அப்போதே தொடங்கிவிடுகிறது. மிச்சிகன் மாநிலத்து மருத்துவரான ஜோசப் விண்டர், டயனெடிக்ஸ் நூலுக்கு முன்னுரை எழுதியவர். அதன் முதல் நிறுவனத்தில் முக்கிய பொறுப்பு வகித்தவர். 1950 முடிவதற்குள் விலகிவிட்டார். மறு ஆண்டே ‘டயனெடிக்ஸ் பற்றி ஒரு மருத்துவரின் அறிக்கை’ என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். அந்நூலின் சிறப்பு அதன் நிதானம். கேட்கும் முறையில் பயன் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. தக்க பயிற்சி இல்லாதவர் கையில் அது ஆபத்து என்றும், ‘கிளியர்’ நிலையை எவரும் அடைந்ததாகத் தாம் காணவில்லை என்றும் எழுதினார். பயன் இருந்தது, ஆபத்தும் இருந்தது என்னும் இந்த இரட்டைச் சாட்சியத்தையே பின்னர் வந்தவர்கள் பலரும் எழுபது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்.

இரண்டு தகரக் குவளைகள்

முதல் நிறுவனங்கள் பணநெருக்கடியில் சரிந்தன. 1952இல் ஹப்பர்ட் சயன்டோலஜி என்ற புதிய பெயரில் தொடங்கினார். 1953 டிசம்பரில் நியூ ஜேர்சி மாநிலத்தில் அது திருச்சபையாகப் பதிவு செய்யப்பட்டது. முற்பிறவி நினைவுகளும் அமர்வுகளில் இடம்பெறத் தொடங்கின. வொல்னி மெதிசன் என்பவர் உருவாக்கிய மின்கருவி ஒன்றும் வந்து சேர்ந்தது. அதுவே ஈ-மீட்டர்.

ஓர் அமர்வு எப்படி நடக்கும் என்பதை வெளியேறியவர்கள் விரிவாக விவரித்திருக்கிறார்கள். சிறிய அறை. ஒரு மேசை. எதிரெதிரே இருவர். வந்தவர் இரண்டு தகரக் குவளைகளைக் கைக்கொன்றாகப் பிடித்துக்கொள்கிறார். அவற்றினூடே மிகச் சிறிய மின்னோட்டம் செல்கிறது. உள்ளங்கை வியர்த்தாலும் பிடி இறுகினாலும் தோலின் மின்தடை மாறும். கருவியின் முள் அசையும். முள்ளை ஓடிட்டர் மட்டுமே பார்க்க முடியும். அவர் கேள்வியைக் கேட்கிறார், பதிலை இடைமறிக்காமல் கேட்கிறார், நன்றி என்கிறார், அடுத்த கேள்விக்குப் போகிறார். அறிவுரை கூறக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது, பதிலுக்கு விளக்கம் சொல்லக்கூடாது என்பது விதி. அப்படி இருப்பதற்கு ஓடிட்டருக்குக் கடும் பயிற்சி உண்டு. எதிரே இருப்பவரை மணிக்கணக்கில் அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பது அதன் முதல் பாடம்.

முள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தளர்வாக மிதக்கும்போது, எடுத்துக்கொண்ட விடயம் தீர்ந்ததாகக் கொள்ளப்படும். ஒரு படியைக் கடந்தவர் தாம் பெற்ற நன்மையை எழுதிக் கொடுக்க வேண்டும்.

வெளியேறியவர்கள் இதைப் பற்றிச் சொல்லும்போது ஒரு தயக்கம் தெரிகிறது. அதை நாம் கவனிக்க வேண்டும். எல்லாம் மோசடி என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. ஆனால் முதல் அமர்வுகள் தந்த ஆறுதலைப் பலர் இன்றும் மறுப்பதில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தம்மை ஒருவர் முழுக் கவனத்துடன் கேட்டார் என்கிறார்கள். அமர்வு முடிந்து வெளியே வந்தபோது உடல் இலேசாக இருந்தது, உலகம் பளிச்சென்று தெரிந்தது என்கிறார்கள். 1983இல் விலகிய டேவிட் மேயோ, ஹப்பர்டுக்கே ஓடிட்டிங் செய்தவர். அமைப்பை விட்ட பின்னும் அவர் முறையை விடவில்லை. கலிபோர்னியாவில் தனியாக நிலையம் அமைத்து நடத்தினார். அமைப்புக்கு வெளியே இம்முறையைக் கைக்கொள்ளும் குழுக்கள் இன்றும் இருக்கின்றன.

மறுபுறம், அந்த இலேசான உணர்வைத் தேடியே அடுத்த படிக்கும் அதற்கடுத்த படிக்கும் பணம் கட்டினோம் என்று சொல்பவர்களும் இவர்களே. முள் மிதந்தால்தான் அமர்வு முடியும் என்பதால், எதைச் சொன்னால் முள் மிதக்கும் என்பதைத் தம்மை அறியாமலே கற்றுக்கொண்டோம் என்று சிலர் சொல்கிறார்கள். பார்த்திராத நாடுகளில் வாழ்ந்த முற்பிறவிகள் அவ்வாறுதான் வந்தன என்கிறார்கள். நன்மை கிடைத்ததாக எழுதிக் கொடுத்த பிறகு, கிடைக்கவில்லை என்று தமக்குள்ளே சொல்லிக்கொள்வதும் கடினமாயிற்று.

கோப்பு

அமர்வின்போது ஓடிட்டர் கேட்பதோடு நிற்பதில்லை, எழுதிக்கொண்டும் இருக்கிறார். கேள்வி, பதில், முள்ளின் அசைவு எல்லாம் தாளில் ஏறுகின்றன. அந்தத் தாள்கள் அவரவர் பெயரிலான கோப்பில் சேர்கின்றன. கோப்பு மேற்பார்வையாளர் ஒருவரிடம் போகிறது. சொன்னவரை அவர் அமர்வில் கண்டிருக்க மாட்டார்; கோப்பைப் படித்து அடுத்து என்ன செய்வதென்று முடிவு செய்வார். மனைவியிடமும் சொல்லாததை ஒருவர் அறைக்குள் ஒரே ஆளிடம் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்க, அது அறைக்கு வெளியே வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

அமர்வில் வெளிப்படும் இரகசியங்களைத் தண்டனைக்கோ சொந்த ஆதாயத்துக்கோ பயன்படுத்துவதில்லை என்று ஓடிட்டர்கள் உறுதியெடுக்கிறார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலான ஓடிட்டர்கள் அதை மனதார நம்பினார்கள் என்றே வெளியேறியவர்களும் கூறுகிறார்கள். ஆனால் கேட்டவர் நல்லவராக இருந்தாலும், எழுதப்பட்ட காகிதம் அவருக்குச் சொந்தமாக இருக்கவில்லை. அது அமைப்புக்குச் சொந்தம்.

1959இல் ஹப்பர்ட் இங்கிலாந்தின் கிழக்கு கிரின்ஸ்டெட் நகருக்கு அருகே செயின்ட் ஹில் என்னும் மாளிகையை வாங்கிக் குடியேறினார். அதை அவருக்கு விற்றவர் ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் சவாய் மான் சிங். அந்த மாளிகையில் இருந்த ஆண்டுகளில்தான் சடங்கின் குணம் மாறியது. 1961இல் ‘பாதுகாப்புச் சோதனை’ என்னும் கேள்விப் பட்டியல்கள் வந்தன. களவு, காமம், அமைப்பைப் பற்றிய கெட்ட எண்ணம் என நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள். கருவி அதே கருவி. குவளைகள் அதே குவளைகள். ஆனால் இது ஓடிட்டிங் அன்று என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள். அதன் பொருள், இரகசியம் காக்கும் உறுதி இதற்குப் பொருந்தாது என்பதே. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையான குழந்தைகளுக்கென்றும் தனிப் பட்டியல் ஒன்று அவ்வாண்டு எழுதப்பட்டது.

தற்போதைய தலைவர் டேவிட் மிஸ்கவிஜின் அண்ணன் மகளான ஜென்னா மிஸ்கவிஜ் ஹில், இந்த அமைப்புக்குள்ளேயே வளர்ந்து 2005இல் வெளியேறியவர். 2013இல் வந்த தம் நூலில், சிறுமியாக இருந்தபோது இத்தகைய விசாரணைகளில் அமர்ந்ததை அவர் விவரிக்கிறார். சிறுவயதிலிருந்தே உறுப்பினராக இருந்த நடிகை லியா ரெமினி, 2006இல் டொம் குரூஸின் திருமணத்தில் தாம் கண்டவற்றைப் பற்றி முறையிட்டதற்காகப் பின்னர் புளோரிடாவில் மாதக்கணக்கில் விசாரிக்கப்பட்டதாகவும், அந்த விசாரணைக்கான கட்டணத்தையும் தாமே செலுத்தியதாகவும் 2015இல் எழுதினார். விசாரிக்கப்படுகிறவரே விசாரணைக்கும் பணம் கட்டும் முறையை வாசித்தபோது, பேர் பதியும் கூலியைக்கூட ஆளின் பேரிலேயே பற்று எழுதக்கூடிய பேரேடுதான் என் கண்முன் வந்தது.

நீதிமன்றங்கள் கண்டவை

ஒருபக்கச் சாட்சியத்தை மட்டும் வைத்து எழுதுவது பத்திரிகைத் தொழிலுக்கு அழகன்று. ஆகவே நீதிமன்றங்களும் ஆணைக்குழுக்களும் கண்டவற்றைப் பார்ப்போம்.

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கெவின் அன்டர்சன் தலைமையிலான விசாரணைச் சபை 151 சாட்சிகளை விசாரித்து 1965இல் மிகக் கடுமையான அறிக்கையைக் கொடுத்தது. அவ்வாண்டே அங்கு சயன்டோலஜி தடை செய்யப்பட்டது. தடை நிலைக்கவில்லை, 1983இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அதை ஒரு மதமாக ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் 1993இல் வரிவிலக்கும் கிடைத்தது. நம்பிக்கையைச் சட்டத்தால் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. கேள்வி நம்பிக்கையைப் பற்றியதன்று, கோப்பைப் பற்றியது.

செயின்ட் ஹில்லில் பணியாற்றிப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் வெளியேற்றப்பட்ட சிரில் வொஸ்பர், 1971இல் நூலொன்று எழுதினார். பயிற்சிப் பாடங்களின் இரகசியத்தை வெளியிட்டுவிட்டார் என்று ஹப்பர்ட் தரப்பு தடை கோரியது. டெனிங் பிரபு தலைமையிலான மேன்முறையீட்டு நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. இவ்விடயங்களைப் பொதுமக்கள் அறிவது பொதுநலனுக்கு உகந்தது என்பது அவர் கருத்து. தன் பாடங்களின் இரகசியத்தைக் காக்க நீதிமன்றம் வரை சென்ற அமைப்பு, தன் உறுப்பினர்களின் இரகசியங்களை எப்படிக் காத்தது?

அதற்கு விடை பின்னர் கிடைத்தது. 1977 ஜூலை 8ஆம் திகதி அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை, சயன்டோலஜி அலுவலகங்களைச் சோதனையிட்டது. அரசாங்க அலுவலகங்களில் ஆவணங்களைத் திருடிய குற்றத்துக்காக ஹப்பர்டின் மனைவி மேரி சூ உட்பட 11 பேர் தண்டிக்கப்பட்டனர். உறுப்பினர்களின் ஓடிட்டிங் கோப்புகளிலிருந்து உளவுத் தேவைகளுக்குத் தகவல் திரட்ட வழிவகுத்த 1969 டிசம்பர் மாத உள் உத்தரவு ஒன்றும், அதற்கு மேரி சூவே பொறுப்பு என்பதும் நீதிமன்ற ஆவணங்கள் வழியே வெளிவந்தன. 1984இல் ஜெரி ஆம்ஸ்ட்ரோங் என்னும் முன்னாள் உறுப்பினரின் வழக்கில் தீர்ப்பளித்த நீதிபதி போல் பிரெக்கின்ரிஜ், இரகசியமெனக் கருதப்பட்ட கோப்புகளிலிருந்து மிரட்டலுக்கும் தொல்லைக்கும் தகவல் எடுக்கப்பட்டதைத் தம் தீர்ப்பிலேயே குறிப்பிட்டார்.

லரி வொலர்ஷைம் என்பவர் தொடுத்த வழக்கு இன்னும் முக்கியமானது. 1989இல் கலிபோர்னிய மேன்முறையீட்டு நீதிமன்றம், ஓடிட்டிங் ஒரு மதச் சடங்கு என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் வற்புறுத்தலின் கீழ் நடத்தப்படும்போது மதச் சுதந்திரம் என்னும் காப்பு அதற்குக் கிடையாது என்றது. ஜூரிகள் விதித்த 3 கோடி டொலர் 25 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. நெடுங்காலம் இழுபட்டு 2002இல்தான் வட்டியுடன் அந்தத் தொகை கைக்கு வந்தது.

என் மனத்தில் தங்கிவிட்ட வழக்கு வேறொன்று. பன்னிரண்டு வயதில் அமைப்பின் முழுநேர ஊழியத்தில் சேர்ந்த பெண்ணொருவர், வெளியேறிய பின் 2009இல் வழக்குத் தொடர்ந்தார். தம் கோப்புகளைத் தமக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டார். அவை சுமார் 18,000 பக்கங்கள். பாவமன்னிப்புக் கேட்கும் குருவுக்குரிய இரகசியக் காப்புரிமை தமக்கும் உண்டு என்று அமைப்பு மறுத்தது. ஆனால் இருநூற்றுக்கு மேற்பட்ட ஊழியர்கள் அக்கோப்புகளைக் கையாண்டிருந்தனர். இத்தனை பேர் கண்டது எப்படிக் குருவின் இரகசியம் ஆகும்? 2013இல் கோப்புகளைக் கொடுக்குமாறு உத்தரவாயிற்று. ஒரு சிறுமியின் வாக்குமூலங்களை இத்தனை பேர் பார்த்தபின், கடைசியாகப் பார்க்கும் உரிமை அவளுக்கு வழக்காடித்தான் கிடைத்தது. அவ்வழக்கு 2018இல் இணக்கத்தில் முடிந்தது.

கோப்பிலிருந்து தாள்கள் காணாமற் போனதும் உண்டு. 1995 டிசம்பர் 5ஆம் திகதி, கிளியர்வோட்டர் நகரில் அமைப்பின் விடுதியில் 17 நாள் தங்கவைக்கப்பட்டிருந்த லிசா மெக்பர்சன் என்னும் உறுப்பினர் இறந்தார். அவருடைய கோப்பிலிருந்து சில தாள்களை அகற்றச் சொன்னவர் தாமே என்று, அமைப்பின் உயர் பதவியில் இருந்து விலகிய மார்ட்டி ராத்பன் 2009இல் சென் பீட்டர்ஸ்பர்க் டைம்ஸ் பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டார். 1980இலேயே சயன்டோலஜி பற்றிய புலனாய்வுக்காகப் புலிட்சர் பரிசு பெற்ற உள்ளூர்ப் பத்திரிகை அது. மற்றவர்களின் வாக்குமூலங்களைக் காவல் செய்தவர், தம் வாக்குமூலத்தைச் சொல்ல ஒரு பத்திரிகையைத் தேடி வந்தார்.

கடன்

அமைப்பின் முழுநேரத் துறவியர் குழுவில் சேர்கிறவர்கள் நூறு கோடி ஆண்டுகளுக்கு உழைப்பதாகக் கையெழுத்திடுகிறார்கள். பிறவி தோறும் திரும்பி வருவோம் என்பது நம்பிக்கை. ஊழியர்களுக்கு ஓடிட்டிங்கும் வகுப்புகளும் பணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கும். ஆனால் ஒப்பந்தக் காலத்துக்கு முன் விலகினால், அதுவரை பெற்ற அத்தனைக்கும் முழு விலையில் கணக்குப் போட்டுச் சீட்டு நீட்டப்படும். அதைக் கட்டினால்தான் அமைப்பில் மீண்டும் நல்ல பெயர். கட்டாவிட்டால் உள்ளே இருக்கும் தாய் தந்தையரையும் பிள்ளைகளையும் இழக்க நேரலாம்.

கையில் விலங்கு இல்லை. வாசலும் பூட்டியிருக்கவில்லை என்று சொல்லலாம். அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2012இல் ஏறத்தாழ அப்படித்தான் சொன்னது. பதினைந்து ஆண்டுகள் உழைத்து 2005இல் வெளியேறிய மார்க் ஹெட்லியும் அவர் மனைவியும் கட்டாய வேலை வாங்கியதாகத் தொடுத்த வழக்கு தள்ளுபடியாயிற்று. வெளியேற அவர்களுக்கு வாய்ப்புகள் இருந்தன என்பது நீதிமன்றத்தின் வாதம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். துண்டு முறையிலும் தோட்டத்துக்கு மதில் இருக்கவில்லை. போகிறவன் எதை விட்டுப் போக வேண்டும் என்பதில்தான் கட்டு இருந்தது.

மறுதரப்பு

சயன்டோலஜி அமைப்பு இக்குற்றச்சாட்டுகளை மறுக்கிறது. கோப்புகள் புனிதமானவை, இரகசியமானவை என்கிறது. கோப்புகளைத் துழாவிய காரியங்கள் 1980களில் கலைக்கப்பட்ட ஒரு பிரிவின் அத்துமீறல்கள் என்கிறது. விலகியவர்கள் கசப்பினாலும் ஆதாயத்துக்காகவும் பேசுகிறார்கள் என்பது அதன் வாதம். ஒக்ஸ்போர்ட் சமூகவியலாளர் பிரையன் வில்சனும், ஒரு மதத்தை விட்டு விலகியவரின் சாட்சியத்தை அப்படியே நம்பலாகாது என்று எழுதியிருக்கிறார். வெளியேறியவர் தம் கடந்த காலத்தை நியாயப்படுத்தக் கதையைத் திருத்திக்கொள்வார் என்பது அவர் கருத்து.

இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள், வெவ்வேறு பத்தாண்டுகளில், வெவ்வேறு கண்டங்களிலிருந்து ஒரே அறையையும் ஒரே கோப்பையும் விவரிக்கிறார்கள். அமைப்பின் சொந்த ஆவணங்களும் அதனோடு ஒத்துப்போகின்றன. தமக்குக் கிடைத்த நன்மையையும் மறைக்காமல் சொல்கிறவர்களின் சாட்சியத்துக்குக் கூடுதல் எடை கொடுப்பதே என் வழக்கம்.

நமக்கு

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்த தொண்டர்களில், மஞ்சள் மேலங்கி அணிந்த சயன்டோலஜியினரும் இருந்தனர். உடலை விரலால் தொட்டு, உணர்கிறீர்களா என்று கேட்டு, நன்றி சொல்லும் ஒரு முறையை அவர்கள் முகாம்களில் கையாள்வது வழக்கம். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவருக்கு எந்தக் கையும் ஆறுதலே. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. லண்டன் டொட்டன்ஹாம் கோர்ட் வீதியிலும் டொரன்டோ யொங் வீதியிலும் இலவச ஆளுமைச் சோதனைக்கு அழைத்தவர்களைக் கடந்து சென்ற புலம்பெயர் தமிழர்கள் எத்தனையோ பேர் இருப்பர். போரையும் பிரிவையும் சுமந்து சென்றவர்களுக்குக் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது என்பது உண்மை.

நம்மிடமும் கேட்கும் மரபுகள் உண்டு. தோட்டத்தில் கோடாங்கி உடுக்கடித்துக் கேட்பார். ஆடுகிறவர் வாயிலிருந்து அடக்கிவைத்ததெல்லாம் வரும். ஊரே கேட்கும், யாரும் எழுதமாட்டார்கள். கத்தோலிக்கக் குருவானவர் மறைவில் கேட்கிறார். அவரும் எழுதுவதில்லை, வெளியிட்டால் சபையே அவரைத் தள்ளிவைக்கும். மருத்துவர் எழுதுகிறார், ஆனால் அதற்குச் சட்டம் உண்டு, சிகிச்சையை நிறுத்திவிட்டு நாம் எழுந்து போகலாம். இன்று இரு கரையிலும் ஆசிரமங்களும், தியான முகாம்களும், ஆளுமை வளர்ச்சிப் பட்டறைகளும் நம் இளைஞர்களைச் சிறுவயதுக் காயங்களைச் சொல்லச் சொல்கின்றன, எழுதச் சொல்கின்றன. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். ஆயினும் அமரும் முன் கேட்க வேண்டியவை மூன்று: நான் சொல்வது எழுதப்படுகிறதா? அதை வேறு யார் வாசிப்பார்? நான் விலக நினைத்தால் அந்தக் காகிதம் யாரிடம் இருக்கும்?

வெளியேறி வந்தவர்கள் பலரும் ஒரு குறையைச் சொல்கிறார்கள். உள்ளே இருந்தபோது அமைப்பு அவர்களிடம் கணக்குக் கேட்டது. வெளியே வந்தபின் உலகம் கேட்கிறது: இத்தனை படித்தும் இருபதாண்டு எப்படி ஏமாந்தாய், எவ்வளவு பணம் தொலைத்தாய் என்று. இதுவும் கணக்காய்வே. நம் வீடுகளுக்கும் அப்படி ஒரு பிள்ளை, ஏதோவொரு மடத்தையோ குழுவையோ இயக்கத்தையோ விட்டு ஒருநாள் திரும்பி வரக்கூடும். அவன் சொல்வதைக் கேட்போம். பற்று எழுத வேண்டாம்.